இரவில் கேமராவுக்கு ஏன் நிறம் தெரிவதில்லை?

பகலில் சிவப்புச் சேலையைச் சிவப்பாகவே காட்டும் வாசல் சிசிடிவி கேமரா, இருட்டியதும் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் காட்டுகிறது. ஏன்?

நம் கண்ணுக்கு ஏறத்தாழ 700 நானோமீட்டர் அலைநீளம் வரையிலான ஒளிதான் தெரியும். கேமராவுக்குள் இருக்கும் சிலிக்கான் சென்சாரோ சுமார் 1,100 நானோமீட்டர் வரை உணரும். இந்தக் கூடுதல் பார்வை பகலில் தொல்லை; கண்ணுக்குத் தெரியாத இந்த அகச்சிவப்பு ஒளி கலந்தால் நிறங்கள் திரிந்துவிடும். அதனால் அதைத் தடுக்கும் வடிகட்டி ஒன்று சென்சாருக்கு முன்னால் நிற்கிறது. வெளிச்சம் குறைந்ததும் அது விலகும். அந்தி நேரத்தில் கேமராவிலிருந்து ‘டிக்’ என்று கேட்பது அதுதான். உடனே லென்ஸைச் சுற்றியுள்ள எல்இடிகள், பெரும்பாலும் 850 நானோமீட்டரில், அகச்சிவப்பை வீசத் தொடங்கும்.

சென்சாரின் மேல் சிவப்பு, பச்சை, நீல நுண்வடிகட்டிகள் உண்டு. நிறத்தைப் பிரிப்பவை அவைதாம். அகச்சிவப்பு மூன்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் கடந்துவிடுகிறது. மிஞ்சுவது வெளிச்சத்தின் அளவு மட்டுமே.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. துணியின் சாயம் அகச்சிவப்பை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதை, நம் கண்ணில் படும் அதன் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. கறுப்புச் சட்டை பல சமயம் வெளுத்துப் பதிவாகும். இரவுப் பதிவில் தெரியும் சட்டையை மட்டும் நம்பி ஒருவரைத் திருடன் என்பது பெரும் அநியாயம். விசாரிப்பவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

இரவுப் பதிவு தெளிவாக இருக்க, ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைக்காதீர்கள். எல்இடி ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படத்தை வெளுக்கச் செய்துவிடும். லென்ஸின் முன் சிலந்தி வலை கட்டினாலும் இதே கதிதான், அடிக்கடி துடையுங்கள்.