எந்த 'ஏ', டீச்சர்?

ஒன்பதாம் வகுப்பில் முற்றொருமை நடத்திக்கொண்டிருந்தேன். (ஏ + பி)² = ஏ² + 2ஏபி + பி². இதை வைத்து (2ஏ + 3பி)²-ஐ விரிக்கச் சொன்னேன். "ஏ-க்குப் பதிலா 2ஏ, பி-க்குப் பதிலா 3பி போடுங்க." மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"ஏ-யும் 2ஏ-யும் ஒண்ணுன்னா, ஏ பூச்சியமாத்தானே டீச்சர் இருக்கணும்?"

அவள் கேட்டது நியாயம். ஏ = 2ஏ என்றால் ஏ பூச்சியம்தான். வருஷக்கணக்காக நான் சொல்லிவந்த வாக்கியத்தில் ஓட்டை இருந்திருக்கிறது.

சூத்திரத்தில் வரும் ஏ வேறு, கணக்கில் வரும் ஏ வேறு. ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திகா இருப்பதில்லையா, அப்படி. எழுத்துகளை அழித்துவிட்டுக் கரும்பலகையில் இப்படி எழுதினேன்:

(□ + ○)² = □² + 2□○ + ○²

பெட்டிக்குள் 2ஏ, வட்டத்துக்குள் 3பி. பெட்டி வருகிற இடத்திலெல்லாம் 2ஏ முழுசாக, அடைப்புக்குறியோடு போய் உட்கார வேண்டும். பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான். (2ஏ)² என்று எழுதாமல் 2ஏ² என்று எழுதிவிடுவார்கள். வர்க்கம் ஏ-க்கு மட்டும் கிடைக்கும், 2 வெளியே நின்றுவிடும். ஏ, பி இரண்டுக்கும் 1 போட்டுப் பாருங்கள். (2 + 3)² = 25. சரியான விரிவு 4ஏ² + 12ஏபி + 9பி²; அதுவும் 4 + 12 + 9 = 25. அடைப்புக்குறியை விட்டவருக்கு 2 + 12 + 3 = 17. தப்பு எங்கே என்று பிள்ளையே தேடிப் பிடித்துவிடும், சிவப்பு மை வேண்டாம்.

இந்த எழுத்து வழக்கம் கணிதத்துக்கே தாமதமாகத்தான் வந்தது. பழங்காலக் கிரேக்கக் கணிதர் யூக்ளிட் தன் நூலின் இரண்டாம் புத்தகத்தில் இதே உண்மையை ஒரு சதுரத்தைக் கூறுபோட்டு நிறுவினார். தெரிந்த அளவுகளுக்கும் எழுத்து வைத்துப் பொதுவாக எழுதுவதை முறைப்படுத்தியவர் பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா வியேட், 1591-இல். நடுவில் ஏறத்தாழ 1,900 ஆண்டுகள். ஒரு பீரியடில் பிடிபடவில்லை என்று பிள்ளையைக் கோபிக்க எனக்கு மனம் வருவதில்லை.

அந்தப் பெண் உட்காரவில்லை. "பெட்டிக்குள்ள ஒரு கூட்டலையே வைக்கலாமா டீச்சர்?"

"வந்து வை."

பெட்டியில் (ஏ + பி), வட்டத்தில் சி. (ஏ + பி)² + 2(ஏ + பி)சி + சி² என்று எழுதினாள். முதல் உறுப்பை மறுபடி விரித்தாள், நடுவில் இருந்ததைப் பெருக்கினாள். ஏ² + பி² + சி² + 2ஏபி + 2பிசி + 2சிஏ. மறுநாள் நடத்தலாம் என்று நான் வைத்திருந்த சூத்திரம் அது.