சிங்கப்பூர் தீயணைப்பு நிலையத்துக்கு இவ்ளோ உயர கோபுரம் எதுக்கு தெரியுமா?

சிங்கப்பூர் ஹில் ஸ்ட்ரீட் பக்கம் போனால் இந்தக் கட்டடம் கண்ணில் படாமல் இருக்காது. சிவப்பு செங்கல், நடுநடுவே வெள்ளைப் பட்டை, மேலே ஒரு கோபுரம். பார்த்தா ஏதோ பழைய சர்ச்னுதான் தோணும். ஆனால் இது மத்திய தீயணைப்பு நிலையம். 1908-ல் கட்டி முடிக்கப்பட்டது. அந்த நாட்டில் இன்றும் இருக்கும் தீயணைப்பு நிலையங்களில் இதுதான் ரொம்பப் பழசு.

இந்த சிவப்பு-வெள்ளை பாணிக்கு 'ரத்தமும் பேண்டேஜும்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பொருத்தமான இடத்துலதான் கட்டியிருக்காங்க!

சரி, கோபுரம் எதுக்கு? சும்மா அழகுக்கு இல்லை. சுற்றிலும் உயரமான கட்டடங்கள் இல்லாத காலம் அது. மேலே நின்று, ஊரில் எங்கே புகை கிளம்புகிறது என்று கண்காணித்தார்கள்.

இன்னொரு வேலையும் இருந்தது. அன்றைய தண்ணீர்க் குழாய்கள் துணியால் நெய்தவை. ஈரத்தோடு சுருட்டி வெச்சா மக்கிடும். அடுத்த தீ விபத்தில் தண்ணீர் பீய்ச்சும்போது கிழிஞ்சா அவ்வளவுதான். அதனால் அவற்றைக் கோபுரத்தில் நீளமாகத் தொங்கவிட்டுக் காயவைத்தார்கள்.

1998-ல் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதோட கட்டடத்தைப் பூட்டிட்டாங்கன்னு நினைக்காதீங்க. இங்கே அப்படி நடக்கவில்லை. ஒரு பகுதி பழைய தீயணைப்பு வண்டிகளை வைத்திருக்கும் காட்சியகம். இன்னொரு பகுதியில், அழைப்பு வந்தால் இப்பவும் வண்டி கிளம்புது.