சொல்வது சைவம், உண்பது எது?

புதுதில்லி: "சைவமா, அசைவமா?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை, கேட்பவர் யார் என்பதையும், அப்போது வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் பொருத்தது. அந்த விடையைக் காட்டியே பள்ளிக் குழந்தைகளுக்கு முட்டை மறுக்கப்படுவதுதான் சிக்கல்.

தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் 2014-ம் ஆண்டு ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் ஏறத்தாழ 71 சதவீதம் பேர் அசைவம் உண்பவர்கள். ராஜஸ்தானில் சுமார் 75 சதவீதம் பேர் சைவர்கள். தெலங்கானாவில் 2 சதவீதம்கூட இல்லை.

இந்தக் கணக்கும் முழு உண்மை அல்ல என்கின்றனர் ஆய்வாளர்கள் பாலமுரளி நடராஜனும் சூரஜ் ஜேக்கப்பும். அரசு ஆய்வுகள் சைவர்களின் அளவை 23 முதல் 37 சதவீதம் வரை காட்டினாலும், உண்மையில் அது 20 சதவீத அளவிலேயே இருக்கும் என 2018-ல் வெளியான கட்டுரையில் அவர்கள் கணித்தனர். மாட்டிறைச்சி உண்போர் 7 சதவீதம் என்பது அரசுக் கணக்கு. உண்மையில் அது 15 சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. சமூக, அரசியல் அழுத்தம் காரணமாக மக்கள் வாய் திறப்பதில்லை என்பது அவர்கள் கூறும் காரணம். மாட்டிறைச்சியின் பெயரால் கொலைகள் நடந்த நாட்டில், முன்பின் தெரியாத கணக்கெடுப்பாளரிடம் யார் மனம் திறப்பார்கள்?

அச்சம் மட்டுமே காரணம் அல்ல. நுகர்வுச் செலவு ஆய்வுகளில் பெரும்பாலும் குடும்பத்துக்காக ஒருவரே பதில் சொல்கிறார். மகன் சாலையோர தாபாவில் சாப்பிட்ட கோழிக்கறி அப்பாவின் பதிலில் இடம்பெறாது. 2019-21-ம் ஆண்டு தேசிய குடும்ப நல ஆய்வில், அசைவமே உண்பதில்லை என்றவர்கள் ஆண்களில் 16.6 சதவீதம், பெண்களில் 29.4 சதவீதம். வீட்டின் சைவத்தைக் காக்கும் பொறுப்பு பெண்ணுக்கு, வெளியே உண்டு வரும் உரிமை ஆணுக்கு என்ற எழுதப்படாத ஏற்பாட்டை இந்த இடைவெளி காட்டுகிறது எனலாம்.

மதிய உணவில் எவ்வளவு புரதம் இருக்க வேண்டும் என்பதை மத்திய அரசு வரையறுக்கிறது. முட்டை உண்டா, இல்லையா என்பது மாநிலங்களின் முடிவு. தமிழகம் 1989-லேயே சத்துணவில் முட்டையைச் சேர்த்துவிட்டது. மத்தியப் பிரதேசத்திலோ, பழங்குடியினர் மிகுந்த பகுதிகளின் அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் யோசனையை 2015-ல் அப்போதைய முதல்வர் சிவராஜ் சிங் சௌஹான் நிராகரித்தார். 2014 ஆய்வில், அம்மாநில மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அசைவம் உண்பதாகத் தாமே ஒப்புக்கொண்டிருந்தனர். பழங்குடித் தாய்மாரிடம் எவரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

கர்நாடகத்தில் 2021 டிசம்பரில் 7 மாவட்டப் பள்ளிகளில் முட்டை வழங்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் கடுமையாக எதிர்த்தனர். அரசு பின்வாங்கவில்லை; முட்டை வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம் என்று அறிவித்தது. பெரும்பாலான குழந்தைகள் முட்டையையே கேட்டு வாங்கினர்.