மருந்துச் சீட்டும் கூட்டுக் கொள்முதலும்

அண்மையில் நாம் கலந்துகொண்ட ஒரு நெசவாளர் கூட்டுறவு சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்தபின், முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். "கடைத்தெருவில் இருபத்தைந்து ரூபாய் சொல்லுகிற சர்க்கரை மாத்திரையை மக்கள் மருந்தகத்தில் ஆறு ரூபாய்க்குத் தருகிறார்கள். அப்படியானால் அது மட்டச் சரக்குத்தானே, ஐயா?" என்று கேட்டார். சிலர் நகைத்தனர். ஆனால் அது நகைத்துத் தள்ளத்தக்க கேள்வி அன்று. மலிவான நூல் இழை அறுவதைக் கண்ட கைகள், மலிவைச் சந்தேகிப்பது இயல்பே. அன்று நேரமின்மையால் சுருக்கமாக விடையிறுத்தோம். விரிவான விடையை இங்கே எழுத முற்படுகிறோம்.

அவர் குறிப்பிட்ட மருந்து சிட்டாகிளிப்டின் என்பது. நீரிழிவு நோயாளர் பலர் நாள்தோறும் உட்கொள்வது. 2022 ஜூலை வரை நம் நாட்டில் இதற்குக் காப்புரிமை இருந்தது. அதாவது, உரிமை பெற்ற கம்பெனியின் இசைவின்றிப் பிறர் தயாரிக்க இயலாது. உரிமைக் காலம் முடிந்தவுடன் பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கின. அவ்வாண்டு செப்டம்பரில், மத்திய அரசாங்கத்தின் ஜன் ஔஷதி திட்டத்தில் இயங்கும் மக்கள் மருந்தகங்களில், 50 மில்லி கிராம் மாத்திரை பத்து கொண்ட அட்டை 60 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. அதே மருந்து வணிகப் பெயர்களில் அப்பொழுது 160 ரூபாய் முதல் 258 ரூபாய் வரை விற்றது. மாத்திரைக்குள் இருக்கும் மருந்துப் பொருள் ஒன்றே. பெயரும், பெயரைப் பரப்பும் செலவும், கைமாறும் தரகும்தான் வேறு.

நூல் வாங்கும்பொழுது நாற்பதாம் நம்பரா, அறுபதாம் நம்பரா என்று தீர்மானிப்பவரும் நாமே, பணம் கொடுப்பவரும் நாமே. மருந்தில் அப்படியன்று. தீர்மானிப்பவர் மருத்துவர், கொடுப்பவர் நோயாளி. நோயுற்றவன் கடை முகப்பில் நின்று பேரம் பேச மாட்டான். ஆகவேதான் உலகெங்கும் மருந்து விலை கடைத்தெருவின் விஷயமாக நில்லாமல் சட்டசபைகளின் விஷயமாகிவிட்டது. நோயாளிக்காக யார் பேரம் பேசுவது, அதற்குச் சட்டம் இடம் தருமா என்பதே அங்கெல்லாம் வழக்கு.

இதே சிட்டாகிளிப்டின் அமெரிக்காவில் பட்ட பாடு இதற்கு நல்ல உதாரணம். அந்நாட்டில் 65 வயது கடந்தோருக்கென 1965-ல் ஜனாதிபதி ஜான்சன் காலத்தில் 'மெடிகேர்' என்னும் அரசாங்க மருத்துவக் காப்பீடு ஏற்பட்டது. மருத்துவமனைச் செலவும் மருத்துவர் கட்டணமும் அதில் அடங்கின. வீட்டில் உட்கொள்ளும் மருந்துகள் அடங்கவில்லை. அந்தக் குறையை நீக்க 2003-ல் ஒரு மசோதா வந்தது. மக்கள் சபையில் வாக்கெடுப்பு வழக்கமாகப் பதினைந்து நிமிடத்தில் முடியும். அன்றோ விடியற்காலை வரை ஏறக்குறைய மூன்று மணி நேரம் திறந்து வைக்கப்பட்டு, 220-க்கு 215 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. முதியோருக்கு மருந்து கிடைக்க வழி பிறந்தது உண்மை. ஆனால் அச்சட்டத்துள் ஒரு விதியும் அமர்ந்திருந்தது: மருந்துக் கம்பெனிகளோடு நடக்கும் விலைப் பேச்சில் அரசாங்கம் தலையிடலாகாது!

கோடிக்கணக்கான மக்களுக்காகப் பணம் கொடுக்கும் வாங்குவோர் விலை பேசக்கூடாதாம். நம் சங்கத்தின் உபவிதிகளில், "உரம் வாங்கும்பொழுது வியாபாரி சொன்ன விலையைச் செயலாளர் மறுக்கலாகாது" என்று ஒருவர் எழுதிவைத்தால் எப்படி இருக்கும்? முன்னாள் இராணுவத்தினரின் நலத் துறை அதே நாட்டில் அப்பொழுதே விலை பேசித்தான் மருந்து வாங்கி வந்தது என்பதையும் இங்கே நினைக்கவேண்டும். மசோதாவை ஆய்ந்த குழுக்களுள் ஒன்றின் தலைவராயிருந்த பில்லி டாசின், 2005 ஜனவரியில் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்கே தலைவரானார். வாசகர்கள் தாமே முடிவு செய்துகொள்வார்களாக.

கம்பெனிகளின் வாதத்தையும் கூறவேண்டும். புதிய மருந்து கண்டுபிடிக்கப் பெரும்பொருள் செலவாகிறது, பல முயற்சிகள் வீணாகின்றன, விலை குறைந்தால் ஆராய்ச்சி குன்றும் என்பர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நியாயமான லாபம் எவ்வளவு என்று கேட்கும் உரிமையே வாங்குபவருக்கு இல்லை என்பது அந்த உண்மையிலிருந்து பிறக்காது.

பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 2022 ஆகஸ்டில், செனட் சபையில் இரு தரப்பும் சமமாக நின்று, உதவி ஜனாதிபதியின் ஒற்றை வாக்கால் தேறிய சட்டம் அந்தத் தடையைச் சில மருந்துகளுக்கு மட்டும் நீக்கியது. முதற் பட்டியலில் பத்து மருந்துகள். அவற்றுள் ஒன்று சிட்டாகிளிப்டின். அதைத் தயாரித்த கம்பெனி 2023-ல் அரசாங்கத்தின் மீது வழக்கே தொடுத்தது. எனினும் பேச்சு நடந்தது. ஒரு மாத மருந்துக்கு 527 டாலராக இருந்த பட்டியல் விலை, மெடிகேர் திட்டத்துக்கு 113 டாலர் என முடிவாகி, 2026 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்தது. மாத்திரை மாறவில்லை, பேச ஆள் வந்தது.

தமிழ்நாட்டில் அந்த ஆள் 1994-லேயே வந்துவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. அவ்வாண்டு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவு செய்யப்பட்டு, 1995 முதல் அரசாங்க மருத்துவமனைகள் அனைத்துக்கும் சேர்த்து மருந்து வாங்கத் தொடங்கியது. வணிகப் பெயரால் அன்றி மருந்தின் மூலப் பெயராலேயே ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். மாவட்டந்தோறும் கிடங்கு உண்டு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ் புத்தகம். ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தேவையான மருந்தைப் பெற்று அதில் பதிந்துகொள்ளவேண்டும். பாஸ் புத்தகம் என்றதும் நம் அங்கத்தினர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டுவதில்லை.

பெரியவரின் சந்தேகத்துக்கு விடை இக்கழகத்தின் மற்றொரு வழக்கத்தில் இருக்கிறது. வரும் மருந்தில் தொகுதிதோறும் மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயரை மறைத்துக் குறியீடு இட்டுச் சோதனைக் கூடங்களுக்கு அனுப்புகின்றனர். யாருடைய சரக்கு என்பது சோதிப்பவருக்குத் தெரியாது. தேறிய பின்னரே பணம். தேறாத சரக்கு திரும்பும். தொடர்ந்து தவறினால் கம்பெனி கறுப்புப் பட்டியலில் ஏறும். மலிவு மட்டமாகாதிருக்க இப்படிப்பட்ட ஏற்பாடு வேண்டும். இம்முறையைப் பின்னர் வேறு மாநிலங்களும் மேற்கொண்டன; ராஜஸ்தானில் 2011 முதல் இலவச மருந்துத் திட்டம் இவ்வாறே நடக்கிறது.

எனினும், அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லாமல் தனியார் மருத்துவரிடம் சீட்டு வாங்கி வருபவன் இன்னும் தனி ஆளாகவே நிற்கிறான். அவனுக்காக மத்திய அரசாங்கத்தின் விலைக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. ஆனால் அதன் கூர் மழுங்கிவிட்டது என்பது நம் கருத்து. 1995-ஆம் ஆண்டு ஆணையில் அடக்க விலையைக் கணக்கிட்டு அதன்மேல் விலை வைத்தனர். 2013-ஆம் ஆண்டு ஆணையிலோ, சந்தையில் ஒரு சதவீதத்துக்குக் குறையாமல் விற்கும் பெயர்களின் விலைகளைக் கூட்டி வகுத்துச் சராசரியை ஒட்டியே உச்ச விலை வைக்கப்படுகிறது. உயர்ந்த விலைகளும் சராசரியில் சேர்ந்தால் சராசரி எப்படித் தாழும்? மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி ஆண்டுதோறும் உயர்த்தவும் இடமுண்டு. 2022-ல் சுமார் 10.8 சதவீதமும், 2023-ல் சுமார் 12.1 சதவீதமும் உயர்த்த இசைவு தரப்பட்டது. பட்டியலில் இல்லாத மருந்துகளின் விலையைக் கம்பெனிகள் ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை தாமே உயர்த்தலாம்.

மூலப் பெயரையே எழுதவேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் விதி செய்தது. மருத்துவர்கள் எதிர்க்கவே, மூன்று வாரத்துக்குள் நிறுத்தி வைத்தது. எல்லா மருந்தின் தரமும் ஒன்றாகச் சோதிக்கப்படாதபோது எங்களை மட்டும் கட்டாயப்படுத்துவதேன் என்பது அவர்கள் வாதம். மேலே சொன்ன மறைகுறிச் சோதனை கடைத்தெரு மருந்துக்கும் வந்தால் அவ்வாதம் தானே மெலியும்.

2025 பிப்ரவரி 24-ஆம் நாள் தமிழ்நாட்டில் ஆயிரம் 'முதல்வர் மருந்தகங்கள்' திறக்கப்பட்டன. கூட்டுறவுத் துறையின் வாயிலாக நடப்பவை; சங்கங்களும் நடத்துகின்றன, மருந்தாளுநர் பட்டம் பெற்ற தொழில் முனைவோரும் நடத்துகின்றனர். இங்கு மலிவு மருந்து பெற விரும்புவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சீட்டில் வணிகப் பெயர் எழுதியிருந்தால், மருந்தாளுநர் தம் விருப்பப்படி அதற்கு ஈடான வேறு மருந்தை மாற்றித் தர விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே மருத்துவர் முன் அமர்ந்திருக்கும்பொழுதே, "மூலப் பெயரை எழுதித் தாருங்கள்" என்று கேட்கவேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. தாமாக மருந்தை மாற்றிக்கொள்வதோ நிறுத்துவதோ மட்டும் கூடாது.

நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு சொல். ஆய்வுக்குச் சென்ற இடத்தில், மருந்தகம் நடத்தும் ஒரு சங்கத்தின் இருப்புப் பதிவேட்டைப் புரட்டியபொழுது, நீரிழிவு மாத்திரை இல்லாத நாட்கள் ஒரே மாதத்தில் ஒன்பது என்று கண்டோம். ஒரு முறை வெறுங்கையோடு திரும்பியவர் மறுமுறை நேரே கடைத்தெருவுக்குத்தான் போவார். பருத்தி நூலுக்குப் பருவம் உண்டு. இரத்த அழுத்த மாத்திரைக்குப் பருவம் இல்லை. நாள்தோறும் மருந்து உட்கொள்ளும் அங்கத்தினர் எத்தனை பேர், எந்த மருந்து, மாதம் எத்தனை என்று ஒரு பதிவேடு எழுதி, இருப்பு பதினைந்து நாளுக்குக் குறையுமுன் தேவைப் பட்டியல் அனுப்பிவிடவேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தின் பொருள் நிரலிலேயே இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.