முதலில் தாள், பின்னரே இயந்திரம்

கடையில் அரிசியையும் பருப்பையும் இட்டுத் தரும் பொலித்தீன் பை, பார்வைக்கு அற்பமான பொருள். ஆயினும் அதற்குரிய தாளை உருவாக்கும் இயந்திரத்தைத் தெரிவு செய்வது எளிய காரியமன்று. இத்தொழிலில் இறங்க எண்ணுபவர், மலிவான இயந்திரம் எது என்றே முதலில் வினவுகிறார். எத்தகைய தாள் வேண்டும் என்பதே அவர் முதலில் வினவவேண்டியது.

தாள் உண்டாகும் விதத்தை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். பொலித்தீன் மணிகள், வெப்பமூட்டப்பட்ட ஓர் உருளைக்கூட்டினுள் இடப்படுகின்றன. அதனுள்ளே சுழலும் நீண்ட திருகு, அம்மணிகளை உருக்கி முன்னே தள்ளுகிறது. உருகிய பொருள் வளையம் போன்ற ஒரு வாயினூடாகக் குழாய் வடிவில் வெளிவருகிறது. உள்ளே காற்றைச் செலுத்த, அக்குழாய் குமிழி போல் விரிகிறது. வெளிப்புறத்தில் வீசும் குளிர்காற்றினால் அது இறுகி, மேலே இரண்டு உருளைகளுக்கிடையே அமுக்கப்பட்டுத் தட்டையாகிச் சுருட்டப்படுகிறது. இதுவே ஊதல் முறை.

மற்றையது வார்ப்பு முறை. இதில் உருகிய பொருள் நேரான பிளவு வழியே வந்து, குளிர்ந்த உருளையின்மேற் படிகிறது. இத்தாள் கண்ணாடி போல் தெளிவாயிருக்கும். ஆனால் பை செய்வோருக்கு ஊதல் முறையே ஏற்றது. குழாயாக வரும் தாளின் அடியை ஒட்டி வெட்டினாற் போதும், பை ஆயத்தமாகிவிடும்.

அடுத்தது அகலம். வாயின் விட்டம் 100 மில்லிமீற்றர் எனவும், குமிழி அதனைப்போல் இரண்டரை மடங்கு விரிகிறது எனவும் கொள்வோம். குமிழியின் விட்டம் 250 மில்லிமீற்றராகும்; தட்டையாக்கினால் அகலம் ஏறக்குறைய 393 மில்லிமீற்றர். ஆகவே, வேண்டிய பையின் அகலமே வாயின் அளவைத் தீர்மானிக்கிறது.

மூலப்பொருளையும் நோக்குதல் வேண்டும். தாழ் அடர்த்திப் பொலித்தீன், வாயை விட்டு வந்ததும் விரியும். உயர் அடர்த்திப் பொலித்தீனோ தண்டு போல் ஒடுங்கி உயர்ந்த பின்னரே விரியும். எல்லா வகைக்கும் ஒரே இயந்திரம் சமமாகப் பயன்படும் என்று கூறும் விற்பனையாளரின் சொல்லைச் சோதியாமல் நம்பலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது தடிப்பின் சீர்மை. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். உள்நாட்டுப் பாவனைக்காக 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீனை உற்பத்தி செய்வது, சில விலக்குகள் நீங்கலாக, 2017ஆம் ஆண்டில் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. ஓர் இயந்திரத்தின் தாள் நூற்றுக்குப் பத்து வீதம் கூடியும் குறைந்தும் வருமாயின், எங்கும் 20 மைக்ரோனுக்குக் குறையாதிருக்க 23 மைக்ரோனைக் குறியாகக் கொள்ளவேண்டும். நூற்றுக்கு நான்கு வீதமே மாறும் இயந்திரத்துக்கு 21 மைக்ரோன் போதும். முன்னையது 100 கிலோகிராம் மணிகளை உட்கொள்ளும் அதே அளவு தாளைப் பின்னையது ஏறக்குறைய 91 கிலோகிராமில் ஆக்கிவிடும். புதிய பொலித்தீன் மணிகள் வெளிநாட்டிலிருந்தே வருவதால், அந்த 9 கிலோகிராம் ஒவ்வொரு நாளும் உற்பத்தியாளரின் முதலை அரித்துக்கொண்டிருக்கும்.

ஆதலின், வாங்குபவர் தாம் பயன்படுத்தவிருக்கும் மணிகளையே கொடுத்து, இயந்திரத்தைச் சில மணிநேரமாவது ஓட்டிப் பார்த்தல் நன்று. வந்த தாளின் முழு அகலத்திலும் ஒரு துண்டை வெட்டிப் பல இடங்களில் தடிப்பை அளக்க வேண்டும். ஒரு கிலோகிராம் தாளுக்குச் செலவாகும் மின்சாரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். திருகு தேய்ந்தால் மாற்றுத் திருகு எத்தனை நாளில் கிடைக்கும், பழுதுபார்க்க அறிந்தவர் யார் என்பவற்றையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் திருப்தியான விடை கிடைத்த பின்னர் விலையைப் பேசுவதே முறை.