கந்தகக் கணக்கு

'ரஸ்ட்' விளையாட்டுக்குள் நுழைபவர் ஒரு கல், ஒரு தீப்பந்தம் இரண்டோடு ஏதோ ஒரு கடற்கரையில் கண்விழிக்கிறார். மரத்தை வெட்டி, பாறையை உடைத்து, இருட்டுவதற்குள் ஒரு கூரைக்கு வழி செய்துகொள்ள வேண்டும். பசி, குளிர், கரடி எல்லாம் உண்டு. ஆனாலும் பெரிய ஆபத்து, அதே தீவில் அதே நேரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் மற்ற மனிதர்கள்தான். இங்கிலாந்தின் ஃபேஸ்பஞ்ச் ஸ்டுடியோஸ் 2013 டிசம்பரில் சோதனை வடிவமாகவும் 2018 பிப்ரவரியில் முழு வடிவமாகவும் வெளியிட்ட விளையாட்டு இது. ஒரே ஒரு விதி இதன் மற்றெல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: கணினியை அணைத்துவிட்டுப் போனாலும் அந்த உலகம் நிற்பதில்லை. ஆடியவரின் உருவம் தன் வீட்டுக்குள் தூங்கியபடி கிடக்கும். சேர்த்த துப்பாக்கியும் இரும்பும் பெட்டிகளில் இருக்கும். வெளியே யார் வேண்டுமானாலும் வந்து சுவரைச் சுற்றிப் பார்க்கலாம். ஆளில்லாத நேரத்தில் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் வீட்டை எப்படிக் கட்டுவது? கட்டிப் பழகியவர்கள் கண்டிருக்கும் விடை, வலுவைவிட விலையைப் பற்றியது.

எந்தச் சுவரும் இங்கே உடையும். எத்தனை வெடிக்கு உடையும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கற்சுவரின் ஆயுள் 500 புள்ளி, தகரச் சுவருக்கு 1000, கவசச் சுவருக்கு 2000. சி4 வெடி இரண்டு வைத்தால் கற்சுவர் போய்விடும். தகரத்துக்கு நான்கு வேண்டும், கவசத்துக்கு எட்டு. வெடி எதுவானாலும் அதன் உயிர் கந்தகம். ஒரு சி4 செய்ய 2200 கந்தகம், ஒரு ராக்கெட்டுக்கு 1400, சாட்செல் என்ற மலிவான பை வெடிக்கு 480 (புதுப்பிப்புகளில் எண்கள் அவ்வப்போது கொஞ்சம் மாறும்). மஞ்சள் படிந்த கந்தகப் பாறை ஒன்றை முழுதாக உடைத்தால் 300 தாது கிடைக்கும். அதை உலையிலிட்டு உருக்கவும் வேண்டும். ஆக ஒரு கற்சுவரை சி4 வைத்து வீழ்த்த 4400 கந்தகம், ஏறக்குறைய 15 பாறை. அந்தச் சுவரை எழுப்பியவருக்கு ஆன செலவோ 300 கல். ஒரு கற்பாறையில் 1000 கல் தேறும் என்பதால் ஒரே பாறையில் மூன்று சுவர் எழும்பிவிடும். அதைத் தகரமாக உயர்த்த இன்னும் 200 இரும்புத் துண்டு. அந்தச் சின்னச் செலவு எதிராளியின் தலையில் மேலும் 4400 கந்தகத்தை ஏற்றிவிடுகிறது. இத்தனை சாதகம் கட்டுபவர் பக்கம் இருந்தும் தினந்தோறும் வீடுகள் விழுந்துகொண்டே இருக்கின்றன என்றால், கோளாறு சுவரில் இருக்க முடியாது.

கட்டுபவர் எல்லாத் திசையையும் காக்க வேண்டும். கொள்ளைக்கு வருபவருக்கு ஒரே ஒரு வழி போதும். அவருடைய இலக்கு வீட்டின் நடுவில் இருக்கும் டூல் கப்போர்டு. ஆடுபவர்கள் டிசி என்று சுருக்கிச் சொல்லும் இந்த அலமாரிதான் அந்த இடத்தில் கட்டும் உரிமை யாருக்கு என்பதைத் தீர்மானிக்கிறது. அதை உடைத்துத் தன்னுடையதை வைப்பவருக்கு வீடே சொந்தமாகிவிடும். ஒரு சிறிய கல்வீட்டை எடுத்துக்கொள்வோம். வாசலிலிருந்து டிசி அறை வரை வரிசையாக நான்கு தகரக் கதவுகள். ஒரு தகரக் கதவு நான்கு சாட்செலுக்கு, அதாவது 1920 கந்தகத்துக்கு விழும். நான்குக்கும் சேர்த்து 7680. கட்டியவர் நிம்மதியாகத் தூங்கப் போகிறார். ஆனால் டிசி அறைக்கு மேலே இருப்பது ஒரே ஒரு கற்கூரை. ஏணி வைத்து மேலே ஏறுபவர் 4400-இல் வேலையை முடித்துவிடுவார். மூன்றாவது கதவின் பெரும்பகுதியும் நான்காவது கதவு முழுவதும் வீணாய்ப் போன இரும்பு. இதைத் தாளில் போட்டுப் பார்ப்பது எளிது: ஒவ்வோர் அறைக்கும் ஒரு புள்ளி, இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவருக்கோ கதவுக்கோ ஒரு கோடு, கோட்டின் மேல் அதன் கந்தக விலை. வெளியிலிருந்து டிசி வரை மிகக் குறைந்த செலவில் போகும் பாதை எதுவோ, அதன் விலைதான் அந்த வீட்டின் விலை. நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட குறும்பாதை வழிமுறை தீர்ப்பதும் இதே வகைக் கணக்கைத்தான். நல்ல வீடுகளில் கேரேஜ் கதவை அதிகமாகப் பார்ப்பதற்கும் காரணம் இதுவே. அதை உடைக்க சி4 இரண்டு வேண்டும். கற்சுவருக்கும் அதே இரண்டு. கதவும் சுவரும் ஒரே விலைக்கு வந்துவிட்டால் கதவைத் தேடிப் போவதில் கொள்ளைக்காரருக்கு லாபமில்லை.

இந்தப் பாதைகளில் சில, ஒரு துளி கந்தகமும் கேட்காதவை. பை நிறையத் தாதுவோடு ஒருவர் வீடு திரும்புகிறார், பூட்டைத் திறக்கிறார், கதவு விரிகிறது, புதருக்குள் வெகுநேரமாகக் காத்திருந்தவன் அந்த ஒரு நொடியில் சுடுகிறான். உடல் வாசற்படியில் கிடக்க, திறந்த கதவு திறந்தபடியே நிற்கிறது. வந்தவன் பிணத்தைத் தாண்டி உள்ளே போகலாம். சுவர் கவசமாகவே இருந்தாலும் அந்த நேரத்தில் அந்த வீட்டின் விலை சுழியம். இதற்கு மருந்து ஏர்லாக்: வாசலுக்குப் பின்னால் முக்கோணமாக ஒரு குட்டி அறை, அதற்கு இன்னொரு கதவு. முதல் கதவைச் சாத்திய பிறகுதான் இரண்டாவதைத் திறப்பது என்ற ஒழுக்கம் இருந்தால், சுட்டவனுக்குக் கிடைப்பது கையில் இருந்த சரக்கு மட்டும், வீடு தப்பும். பூட்டின் எண்ணும் இப்படித்தான். நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள் உண்டு, தவறாக அழுத்தினால் பூட்டு மின்னதிர்ச்சி தரும்; ஆனாலும் 1234 என்று வைத்தவருக்கு அந்தப் பத்தாயிரத்தால் என்ன பயன்? சுவரைத் திருப்பி வைத்துவிடுவது இன்னொரு வகை. கற்சுவருக்கு உள்பக்கம் மென்மையானது. அந்தப் பக்கம் வெளியே பார்த்து நின்றுவிட்டால் கடப்பாறை, கோடரி போன்ற கைக்கருவிகளாலேயே நேரம் செலவழித்துக் குடைந்துவிடலாம். முதல் இரவில் பல வீடுகள் இப்படிப்பட்ட இலவச வழிகளில் பறிபோகின்றன. சுவரைத் தடிப்பாக்கும் ஆசையை அடக்கி முதலில் இவற்றை அடைப்பதே புத்திசாலித்தனம்.

இலவச வழிகள் அடைபட்ட பிறகு, மீதமிருக்கும் எல்லா வழிகளின் விலையையும் ஒருசேர உயர்த்த வேண்டும். அதற்குத்தான் ஹனிகோம்ப். நடு அறையைச் சுற்றிலும் வெறும் அறைகளைத் தேனடை போல ஒட்டிக்கொண்டே போவது. முக்கோணத் தளங்களுக்குச் செலவு பாதி என்பதால் அவையே அதிகம். கற்சுவர் ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று வந்தால் 4400 என்பது 8800 ஆகும். கூரையையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். பலர் மறப்பது அதைத்தான். அப்படியானால் பத்து அடுக்கு போட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் பராமரிப்புச் செலவு குறுக்கே வருகிறது. டிசிக்குள் தினமும் கல்லும் இரும்பும் போட்டு வைக்க வேண்டும்: முதல் 15 கட்டுமானத் துண்டுகளுக்குக் கட்டிய செலவில் 10 சதவீதம், அதற்குமேல் வீடு பெரிதாக ஆக இந்த வீதமும் படிப்படியாக ஏறி மூன்றில் ஒரு பங்கை எட்டும். அலமாரி காலியானால் கற்சுவர் 5 மணி நேரத்திலும் தகரம் 8 மணி நேரத்திலும் தானாகவே உதிர்ந்துவிடும். வெடிக்கு அஞ்சிக் கட்டிய கோட்டை, கல் உடைக்க ஆளில்லாமல் சரிவது உண்டு. எனவே இரண்டு பக்கமும் விலை பார்த்தாக வேண்டும்: எதிராளிக்கு எவ்வளவு ஏற்றுகிறோம், அதற்கு நாம் தினசரி எவ்வளவு கட்டுகிறோம்.

நிஜ உலகின் பாதுகாப்புப் பெட்டகங்களையும் இப்படித்தான் அளக்கிறார்கள். அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் தரும் டிஎல்-15 என்ற முத்திரை, பெட்டகத்தை உடைக்கவே முடியாது என்று உறுதி சொல்வதில்லை. தேர்ந்தவர்கள் கருவிகளோடு தாக்கும்போது கதவும் முன்முகமும் 15 நிமிட நிகர வேலை நேரத்துக்குத் தாங்கும் என்கிறது, அவ்வளவுதான். முத்திரையின் கடைசியில் எக்ஸ்6 என்று சேர்ந்திருந்தால் ஆறு முகங்களும் சோதிக்கப்பட்டன என்று பொருள். கூரையை மறந்த கல்வீட்டுக்கும் முன்முகம் மட்டும் சோதித்த பெட்டகத்துக்கும் கணக்கு ஒன்றே. வடிவத்தை ரகசியமாக வைத்துக்கொண்டால் போதாதா என்றால், போதாது. வீடு கட்டும் திட்டங்கள் யூடியூபில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. பழகிய கண்ணுக்கு வெளிச்சுவரின் அமைப்பே உள்ளே டிசி எங்கே என்று சொல்லிவிடும். சாவியைத் தவிர மற்றெல்லாம் எதிரிக்குத் தெரிந்தாலும் ஒரு ரகசியக் குறிமுறை தாக்குப்பிடிக்க வேண்டும் என்று ஓகுஸ்த் கெர்க்காஃப்ஸ் 1883-இல் எழுதினார். படத்தைப் பார்த்த பிறகும் விலை குறையாத வீடுதான் அந்தச் சோதனையில் தேறும்.

கொள்ளையடிப்பவர்கள் எல்லோரும் லாபக் கணக்குப் பார்ப்பவர்களா என்பது நியாயமான மறுப்பு. பழிதீர்க்க வருகிறவர் உண்டு. வெடிச் சத்தத்துக்காகவே வருகிறவரும் உண்டு. பத்தாயிரம் கந்தகம் கொட்டி வெறும் பெட்டியைக் கண்டாலும் அவர்களுக்குத் திருப்திதான். ஆனால் அவர்களுடைய கந்தகத்துக்கும் அளவு உண்டு; ஒரு வீட்டில் தீர்த்தது அடுத்த வீட்டுக்கு இல்லை. விருப்பம் எதுவானாலும் சரக்கு தீர்ந்த இடத்தில் தாக்குதல் நின்றுவிடும். இருபது பேர் கொண்ட கூட்டம் இரவெல்லாம் தோண்டிக் குவித்த கந்தகத்தோடு, வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்து வந்தால்? அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: தனி ஆள் கட்டிய எந்த வீடும் அதற்கு முன் நிற்காது. அங்கேயும் அடுக்குகளுக்கு ஒரு பலன் உண்டு. ஒவ்வொரு ராக்கெட்டும் வெகுதூரம் கேட்கும். அக்கம்பக்கத்தார் துப்பாக்கியோடு வந்துசேர அது அழைப்பு மாதிரி. இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டியது பத்து நிமிடம் இழுத்தால் கொள்ளைக்காரர்களே முற்றுகைக்குள் சிக்கலாம். பொருளை ஒரே அறையில் குவிக்காமல் மூன்று நான்கு இடத்தில் பிரித்து வைத்தால், டிசியை எட்டிய பிறகும் இன்னும் எங்கே உடைப்பது என்று அவர்கள் யோசிக்க வேண்டியிருக்கும். கூட்டாளியே பெட்டியைத் திறந்து அள்ளிக்கொண்டு போவதற்கு மட்டும் எந்தச் சுவரும் பதில் சொல்லாது. யாருக்கு உரிமை கொடுக்கிறோம் என்பதில்தான் அதற்குக் காப்பு.

இந்த வீடுகள் என்றென்றைக்கும் நிற்க வேண்டியதுமில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை வரும் புதுப்பிப்போடு தீவுகள் அழிக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்கும், 'வைப்' என்பார்கள். நான்கைந்து வாரம் தாக்குப்பிடித்தால் போதும், அதிலும் முதல் சில நாட்களே கடினம். அந்த நாளில் கரையில் இறங்கும் தனி ஆள் செய்ய வேண்டிய வரிசையும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. இரண்டு சதுரத் தளம், ஒரு முக்கோண ஏர்லாக், நடுவில் டிசி. முதலில் எழுப்பும் சுள்ளிச் சட்டத்தை உடனே கல்லாக்கி, சுவரின் கடினப் பக்கம் வெளியே இருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, உருக்கிய முதல் 300 இரும்பில் துப்பாக்கிக்கு ஆசைப்படாமல் இரண்டு தகரக் கதவு. அதன்பிறகு கூரைக்கு மேல் இன்னோர் அடுக்கு.