மர வாத்துக்குப் பதினோரு லட்சம் டாலர்!

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்)

தபால்தலை சேர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய காசு சேர்ப்பவர்களும் நம் விடுதியிலேயே உண்டு. ஆனால் மர வாத்து சேர்ப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? 2007-ல் அமெரிக்காவில் மரத்தில் செதுக்கிய ஒரு வாத்தும் ஒரு பெருவாத்தும் தலா சுமார் 11 லட்சம் டாலருக்குக் கைமாறின. இரண்டையும் செய்தவர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எல்மர் குரோவெல் (1862-1952). "அட, ஒரு பொம்மைக்கா இவ்வளவு?" என்று கேட்கத் தோன்றும். அது பொம்மை இல்லை நண்பர்களே, ஒரு வேலைக் கருவி!

மற்ற பறவைகளை ஏமாற்றி வரவழைக்க வேடன் கட்டி வைக்கும் பறவைக்குத் தமிழில் 'பார்வை' என்று பெயர். அங்கே அதை 'டிகாய்' என்கிறார்கள். நீரில் வாத்துகள் மிதப்பதைப் பார்த்தால், மேலே பறக்கும் கூட்டம் "இடம் பத்திரம்தான்" என்று நம்பி இறங்கிவிடும். இது பழங்குடி மக்களின் யுக்தி. நெவாடா மாநிலத்து லவ்லாக் குகையில் 1924-ல் கோரையால் கட்டிய டிகாய்கள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 2000 ஆண்டுகள்!

பின்னால் குடியேறியவர்கள் இதையே சீடர், பைன் மரங்களில் செதுக்கினார்கள். தலை தனி, உடல் தனி. அடியில் ஒரு ஈயக்கட்டி. ஏன் தெரியுமா? புவியீர்ப்பு மையம் கீழே இறங்கினால்தான் அலை புரட்டினாலும் வாத்து நிமிர்ந்து நிற்கும். நாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்வதை அவர்கள் தண்ணீரில் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்! நியூஜெர்சியின் ஹாரி ஷோர்ட்ஸ் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். மேரிலாந்தின் வார்டு சகோதரர்கள் முடிதிருத்துபவர்கள். டெட்ராய்ட்டின் மேசன் தொழிற்சாலையோ (1896-1924) உடலை லேத்தில் கடைந்து, கையால் பெயிண்ட் அடித்து விற்றது.

அக்காலத்தில் நகரத்து ஓட்டல்களுக்காக வாத்துகளைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தள்ளினார்கள். பறவைகள் குறைந்துகொண்டே போயின. 1918-ல் வந்த வலசைப் பறவைகள் சட்டம் இந்த வியாபாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பிறகு பிளாஸ்டிக் டிகாய் வந்தது. மர வாத்துகள் பரணுக்குப் போயின. சில அடுப்புக்கும் போயின. மிச்சத்தைத் தேடிச் சேர்த்தவர்களில் முன்னோடி ஜோயல் பார்பர் என்ற கட்டடக் கலைஞர். 1934-ல் டிகாய் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் சேகரிப்பை இன்று வெர்மான்ட்டின் ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

சரி, நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் யார் செய்தது என்று பார்க்க வேண்டும். குரோவெல் தன் பெயரை நீள்வட்ட முத்திரையாக அடியில் சூடு போட்டிருப்பார். ஆனால் முத்திரையையும் போலி செய்யலாம். ஆகவே அலகின் வளைவு, தூரிகையின் போக்கு எல்லாம் அவருடையதுதானா என்று ஒப்பிடுவார்கள். உள்ளே ஒட்டுப் போட்டிருந்தால் எக்ஸ்-ரே காட்டிக்கொடுத்துவிடும். பிற்காலப் பூச்சை அல்ட்ரா வயலட் விளக்கில் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் அடித்த பெயிண்ட் இருக்க வேண்டும். வேட்டைக்காரர்கள் சாயம் போனதும் மறுபடி அடித்துவிடுவார்கள்; அதனால் முதல் பூச்சு தப்பிய வாத்து அபூர்வம். இது தெரியாமல், தாத்தாவின் வாத்தைப் பரணிலிருந்து எடுத்து, "அழுக்காக இருக்கிறதே" என்று தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடித்தால், ஒரே மத்தியானத்தில் அதன் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். பணம் மட்டுமா போகிறது? செய்தவன் கையெழுத்தே போய்விடுகிறது. அதை எந்த லேத்தாலும் திருப்பித் தர முடியாது.

ஆகவே நண்பர்களே, லீவுக்கு ஊருக்குப் போகும்போது பரணில் தாத்தாவின் உளியோ இழைப்புளியோ கண்ணில் பட்டால், உடனே எமரித்தாளைத் தேடாதீர்கள். முதலில் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பிடி தேய்ந்த இடத்தில் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது!